மரிச்ஜாப்பி: கரை கட்டினவங்களின் வரலாறு

ஆரணியில் கடல் இல்லை. ஆனா அடைமழையில் குழித்தறிக்குள்ள தண்ணி ஊறினா நெசவு நிக்கும், அடுப்பு எரியாது. பள்ளத்துல யார் வீடு இருக்கும்னு நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். வங்கத்தின் சுந்தரவனத் தீவுகளிலும் அதே கதைதான். அங்கே தண்ணி கடலாக வருது.

1946இல் அம்பேத்கரை வங்கத்திலிருந்து அரசியல் நிர்ணய சபைக்கு அனுப்பப் பாடுபட்டவர் ஜோகேந்திரநாத் மண்டல். அவரது நமசூத்திர சாதியினர் பிரிவினைக்குப் பின் அகதிகளானார்கள். அரசு அவர்களைத் தண்டகாரண்யக் காட்டுக்கு அனுப்பியது. 1978இல் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் திரும்பிவந்து மரிச்ஜாப்பித் தீவில் குடியேறின.

ஓதம் ஏறினா அங்கே நிலத்தைவிடத் தண்ணி உயரம். மண்கரை இல்லேன்னா வீடு இல்லை. உப்புத்தண்ணி புகுந்த வயல் சில வருசம் விளையாது. அரசு உதவியில்லாம அவங்களே கரை போட்டாங்க, பள்ளிக்கூடம் கட்டினாங்க, மீன் வளர்த்தாங்க.

காப்புக்காடு, புலி வாழும் இடம் என்று சொல்லி இடது முன்னணி அரசு 1979 ஜனவரியில் படகுகளால் தீவை முற்றுகையிட்டது. சோறும் குடிதண்ணியும் தடுக்கப்பட்டன. ஜனவரி 31இல் துப்பாக்கிச் சூடு. மே மாதம் குடிசைகளைக் கொளுத்தி விரட்டினார்கள். அரசு ஒப்புக்கொண்ட சாவுகள் விரல்விட்டு எண்ணலாம். தப்பிவந்தவங்க நூற்றுக்கணக்கில் சொல்றாங்க.

இன்று கடல் ஏறுது. லோகாசராத் தீவு மூழ்கிப்போச்சு, கோராமாரா கரையுது. 2009இல் ஐலா புயல் கரைகளை உடைச்சது. மாறும் காலநிலையால் வீடிழக்கும் 'தீவு மக்கள்' பற்றிப் பொதுவாக எழுதுகிறார்கள். அந்த மக்களுக்குச் சாதி உண்டு. கரை கட்டத் தெரிஞ்ச நமசூத்திரர்களைக் கடல் விரட்டவில்லை, அரசு விரட்டியது. இதையும் சேர்த்து எழுதினாத்தான் அது வரலாறு.