காரத் தொழிற்சாலைப் பரிசோதகர்

நாம் நாடோறும் கைகழுவ எடுக்கும் பொருளைச் சவர்க்காரம் என்கின்றோம். தமிழகத்தார் பெரும்பாலும் அதனைச் சோப்பு என்பர். சவர்க்காரம் என்னும் சொல்லோ, ஆதியில் அப்பொருளின் பெயரன்று. அதனைச் செய்வதற்கு வேண்டிய காரத்தின் பெயராகும். வடமொழியாளர் சர்ஜிகா க்ஷாரம் என்று வழங்கிய உவர்க்காரமே நம்மவர் வாயிற் சவர்க்காரமாயிற்று. நம் நாட்டுச் சலவைத் தொழிலாளர் உவர்மண்ணை வாரிவந்து துணி வெளுத்த காலத்திலே, ஐரோப்பியர் இதே காரத்தைக் கடற்பாசியைச் சுட்ட சாம்பலிலிருந்தும், ஸ்பானிய நாட்டுக் கடற்கரைச் செடிகளின் சாம்பலிலிருந்தும் பெற்று வந்தனர். கண்ணாடி செய்வோருக்கும் துணி வெளுப்போருக்கும் சவர்க்காரம் காய்ச்சுவோருக்கும் அக்காரமின்றித் தொழிலில்லை.

சாம்பலை நம்பியிருந்த அந்நிலையை மாற்றியவர் நிக்கொலஸ் லெபிளாங் என்னும் பிரெஞ்சுக்காரர். கறியுப்பிலிருந்தே காரத்தைச் செய்யும் வழியைக் கண்டு, 1791 ஆம் ஆண்டிலே அதற்கு உரிமைப் பத்திரமும் பெற்றார். பிரெஞ்சுப் புரட்சியின் சூறாவளியிலே அவருடைய தொழிற்சாலை பறிபோயிற்று. வறுமையுற்று 1806 இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அவர் கண்ட வழியோ கடல் கடந்து இங்கிலாந்திலே பெருஞ்செல்வத்தை ஈட்டித் தந்தது.

உப்பின்மேற் சல்பூரிக்கமிலத்தை ஊற்றிச் சூடாக்குவதே அவ்வழியின் முதற்படி. அப்போது ஐதரசன் குளோரைட்டு என்னும் வாயு கிளம்பும். ஒரு தொன் உப்பு முழுவதும் மாற்றமடையுமாயின், வெளிப்படும் வாயு பன்னிரண்டு அந்தருக்கு மேலாகும். விரும்பிய பொருள் காரம்; விரும்பாத இவ்வாயுவைத் தொழிலதிபர்கள் புகைபோக்கி வழியே வானத்துக்கு விட்டனர். காற்றினும் பாரமான அவ்வாயு, ஈரக்காற்றோடு கூடி அமிலப் பனிமூட்டமாகி நிலத்திலே படிந்தது. இலை கருகிற்று, வேலிச்செடி பட்டது, பூட்டும் சாவியும் துருப்பிடித்தன. லிவர்ப்பூல் நகரிலே 1823 இல் இத்தொழிலைத் தொடங்கிய ஜேம்ஸ் மஸ்பிராற் என்பார்மீது 1838 இல் நகரத்தார் வழக்குத் தொடுத்தனர். பின்பு அவருடைய தொழில் வேறிடங்களுக்குப் பெயர்ந்தது. பெயர்ந்த இடங்களிலும் வழக்குகள் தொடர்ந்தன.

புகைபோக்கியை உயர்த்தினால் இடர் தீரும் என எண்ணினோர் உளர். கிளாஸ்கோவில் ரெனன்ற் என்பாரது தொழிற்சாலையிலே 1842 இல் எழுந்த புகைபோக்கி 435 அடிக்கு மேற்பட்ட உயரமுடையது. அத்துணை உயரமும் செய்த உபகாரம், அருகிலிருந்த தோட்டத்தில் விழவேண்டிய நஞ்சைத் தொலைவிலிருந்த தோட்டத்துக்கு அனுப்பியதேயாம்.

உண்மையான மருந்து ஏலவே கைவசமிருந்தது. வில்லியம் கொசேஜ் என்பவர் 1836 இலே, பழைய காற்றாலைக் கோபுரம் ஒன்றினுள் சுள்ளிகளை நிரப்பி, மேலிருந்து நீரை ஒழுகவிட்டு, கீழிருந்து வாயுவைச் செலுத்திப் பார்த்தார். அவ்வாயு நீரிலே பெரிதும் கரையுமியல்பினது. ஆதலின் கோபுரத்தின் உச்சியில் ஏறத்தாழ வெறுங்காற்றே வெளிவந்தது. ஆயினும், கோபுரம் கட்டப் பணம் வேண்டும். கிடைக்கும் அமிலநீருக்கோ அந்நாளிற் சந்தையில்லை. கட்டாயம் இல்லாதவிடத்துச் செலவு செய்ய முன்வருவார் யார்? கட்டியவர்களுள்ளும் அமிலநீரை ஆற்றிலே விட்டு, காற்றுக்கு வந்த கேட்டை மீனுக்கு மாற்றியவர் இருந்தனர்.

நேயர்களே, இங்கே சட்டம் என் செய்தது என நீங்கள் வினவலாம். அயலானுக்குத் தீங்கு விளைப்பவன் இழப்பீடு கொடுத்தல் வேண்டும் என்பது ஆங்கில நாட்டுப் பழைய வழமை. ஒரு புகைபோக்கியும் ஒரு தோட்டமும் இருந்தால் அவ்வழமை போதும். சென்ற் ஹெலன்ஸ், விட்னெஸ் போன்ற ஊர்களிலோ புகைபோக்கிகள் கூட்டமாய் நின்றன. வாடிய பயிரைக் காட்டும் உழவன், அதனை வாட்டிய புகை எவருடைய புகைபோக்கியிலிருந்து வந்தது என்று எவ்வாறு காட்டுவான்? ஒவ்வொரு தொழிலதிபரும் அடுத்தவரைச் சுட்டினார்.

வழக்காடி வென்றவர்களும் செல்வர்களே. வில்லியம் ரிப்பிங் என்பார் 1860 இல் சென்ற் ஹெலன்ஸுக்கு அருகே 1,300 ஏக்கர் பரப்புள்ள நிலத்தை வாங்கினார். ஒன்றரை மைல் தொலைவிலிருந்த செம்பு உருக்காலையின் புகையால் தம் மரங்கள் பட்டன என்று வழக்கிட்டு, பிரபுக்கள் சபை வரை சென்று 1865 இல் வெற்றி பெற்றார். அவருக்குக் கிடைத்த இழப்பீடு 361 பவுணும் சில்லறையும். வழக்குச் செலவோடு ஒப்பிட்டு நோக்கின், ஏழை உழவன் ஒருவன் அவ்வழியை நாடமாட்டான் என்பது தெளிவாகும்.

ஆகவே, அயலவனின் முறைப்பாட்டுக்காகக் காத்திராது, அரசாங்கமே தன் உத்தியோகத்தரைத் தொழிற்சாலை வாயிலுக்கு அனுப்பும் புதுவழி ஒன்று வேண்டியதாயிற்று. அதற்கு அடிகோலியவர் டார்பிப் பிரபு. முன்னர்ப் பிரதம மந்திரியாயிருந்த அவருடைய நோஸ்லி மாளிகையும் நிலங்களும் சென்ற் ஹெலன்ஸுக்கு அணித்தாயிருந்தன. அவர் பிரேரணையின்படி 1862 இல் பிரபுக்கள் சபையின் விசாரணைக் குழு அமைந்தது. 1863 இல் காரத் தொழிற்சாலைச் சட்டம் நிறைவேறியது. இதனைப் பொதுநல வேட்கையின் கனி என்று மட்டும் கொண்டாடுதல் எனக்கு உடன்பாடன்று. பிரபுக்களின் மரங்கள் பட்டமையாற் பிறந்த சட்டம் அது. அமிலப் புகையினிடையே நின்று உழைத்துப் பற்சிதைந்த தொழிலாளரையும், வெளுப்புத் தூளைப் பொதிசெய்கையில் வாயையும் மூக்கையும் கம்பளித் துணியாற் சுற்றிக்கொண்ட கூலியாட்களையும் பற்றி அச்சட்டம் ஒன்றுமே கூறவில்லை.

1864 சனவரி முதலாம் நாள் நடைமுறைக்கு வந்த அச்சட்டம், வெளிப்படும் வாயுவில் நூற்றுக்கு 95 வீதத்தையேனும் அமுக்கிக் கரைத்தல் வேண்டும் என்றது. தவறுவோருக்கு முதன்முறை 50 பவுண் தண்டம். பின்னர் 100 பவுண். பரிசோதகர் முன்னறிவித்தலின்றி, இரவிலாயினும் பகலிலாயினும் தொழிற்சாலையுள் நுழையலாம். ஆயினும் வேலையைத் தடைசெய்யலாகாது. அத்தொழிலில் இலாப நாட்டமுடைய எவரும் பரிசோதகராதல் கூடாது. ஊர்ச்சபைகளிலே தொழிலதிபர்களின் செல்வாக்கு மிகுந்திருந்தமையால், இவ்வுத்தியோகத்தர் ஊருக்கன்றி, இலண்டன் மாநகரிலிருந்த வர்த்தகச் சபைக்கே பொறுப்புடையவராயினர்.

முதற் பரிசோதகராக நியமனம் பெற்றவர் றொபேட் அங்கஸ் சிமித் என்னும் ஸ்கொத்லாந்து நாட்டவர். கிளாஸ்கோவுக்கு அருகே 1817 இற் பிறந்து, மதகுருவாதற்பொருட்டுக் கல்வி தொடங்கி, பின் ஜேர்மனி சென்று பேராசிரியர் லீபிக்கிடம் இரசாயனம் கற்று, 1841 இற் கலாநிதிப் பட்டம் பெற்றவர். மான்செஸ்டர் நகரிற் குடியேறிய அவர், அந்நகரத்தின் மழைநீரை ஏந்தி ஆராய்வதிற் காலங்கழித்தார். இரசாயனம் கற்றோர் பலர் தொழிலதிபர்களிடம் ஊதியம் பெற்ற காலத்திலே, மழையை ஆராய்ந்தவர் அரசாங்கத்தின் கண்ணிற்பட்டது நல்லூழ்தான்.

அவருக்குத் துணைப் பரிசோதகர் நால்வர். நாடெங்கும் பரந்த தொழிற்சாலைகளுக்கு இவ்வைவருமே காவலர். இக்காலச் சூழல் அதிகாரசபைகளிலே அளவெடுப்பவர் ஒருவர், சட்டம் ஆய்பவர் ஒருவர், இவர்களையெல்லாம் ஒன்றிணைத்து ஒரு முறைப்பாட்டைக் கோவையாக்கி நீதிமன்றம் வரை கொண்டுசெல்ல இணைப்பாளர் ஒருவர் என்று வேலை பகுக்கப்பட்டிருக்கக் காண்கின்றோம். சிமித்தோ இவை எல்லாமாகத் தாமே நின்றார்.

அளவெடுத்தல் எளிதன்று. புகைபோக்கியின் பக்கத்தே துளையிட்டு, வாயுவிற் சிறிது உறிஞ்சியெடுத்து, நீரினூடாகச் செலுத்தி, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலால் அமிலத்தின் அளவை அறிதல் வேண்டும். புகை எவ்வேகத்தில் மேலேறுகின்றது என்பதை அறிந்தாலன்றி, நாளொன்றுக்கு எவ்வளவு வெளியேறிற்று என்று கணித்தல் இயலாது. சூடும் அமிலமும் நிறைந்த அவ்விடத்திலே சாதாரணக் காற்றுமானி பயன்படாது. துணைப் பரிசோதகருள் ஒருவராகிய அல்பிரட் பிளெச்சர், ஈதர் நிரப்பிய குழாயொன்றைக் கொண்டு அவ்வேகத்தை அளக்கும் கருவியை அமைத்தார். நீதிமன்றத்திலே ‘நாறுகின்றது’ என்று சாட்சி சொன்ன காலம் போய், ‘இத்தனை வீதம்’ என்று எண்ணாற் சாட்சி சொல்லும் காலம் அக்கருவியோடு வந்தது எனலாம்.

முதலாண்டு அறிக்கை வெளிவந்தபோது பலரும் வியந்தனர். சட்டம் 95 கேட்டது. தொழிற்சாலைகள் சராசரியாக ஏறத்தாழ 99 வீதத்தை அமுக்கியிருந்தன. கோபுரத்தை நாலைந்து தசாப்தங்களாக ஒதுக்கி வைத்தவர்களல்லர் இவர்கள். இருபத்தேழு ஆண்டுகளாக ஒதுக்கி வைத்தவர்கள். ஒரு கட்டாயம் வந்ததும் ஓராண்டிலே செய்து முடித்தனர்.

சிமித் நீதிமன்றத்தைப் பெரிதும் நாடியவரல்லர். அவர் தொடுத்த வழக்குகள் விரல்விட்டு எண்ணத்தக்கன. குற்றங்கண்ட இடத்திலே கோபுரத்தின் எப்பகுதியிற் கசிவு உளது, நீரின் ஒழுக்கு எங்கே குறைந்தது என்று காட்டிக் கொடுப்பதே அவர் வழக்கம். வைத்தியர் நோயாளியை நாடுவதுபோல் அவர் தொழிற்சாலையை நாடினார். இதனாற் கதவுகள் திறந்தன, கணக்குகள் காட்டப்பட்டன. உப்பு எவ்வளவு செலவாயிற்று என்பதைத் தொழிலதிபர் மறைப்பாராயின், 95 வீதம் என்னும் கணக்கையே போடமுடியாதன்றோ? ஐவரைக்கொண்ட படைக்கு இணக்கமே படைக்கலம் என்பதை அவர் நன்குணர்ந்திருந்தார்.

ஆனால் அவ்விணக்கத்துக்கு விலையும் இருந்தது. பரிசோதகர் உடைமையாளரோடு மிக நெருங்கிவிட்டார் என்ற குறைகூறல் அந்நாளிலேயே எழுந்தது. அவருக்குப் பின் வந்தோரையும் நூறாண்டுக்கு மேலாக அக்குறைகூறல் தொடர்ந்தது. சட்டத்திலும் ஓட்டையிருந்தது. உற்பத்தி இரட்டித்தால் எஞ்சும் வாயுவும் இரட்டிக்கும். நூற்றுவீதம் மட்டும் மாறாதிருக்கும். தொழிற்சாலைகள் பெருகப் பெருக, சட்டத்தை மீறாமலே மரங்களைப் படச்செய்தல் இயல்வதாயிற்று. கழிவுக் குவியல்களிலிருந்து எழுந்த அழுகிய முட்டை நாற்றமும், கந்தக வாயுக்களும் முதற் சட்டத்தின் எல்லைக்குள் வரவேயில்லை. பரிசோதகர் நாற்றத்தின் நடுவே நின்றுகொண்டு, எழுந்த பல வாயுக்களுள் ஒன்றை மட்டும் அளந்துவிட்டுத் திரும்பவேண்டியிருந்தது.

ஆதலின் 1874 ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம், புகைபோக்கியில் ஒரு கன அடிக் காற்றிலே அவ்வமிலம் ஒரு கிறெயினில் ஐந்திலொரு பங்குக்கு மேற்படலாகாது என வரையறுத்தது. ஏனைய நச்சு வாயுக்களுக்கு, நடைமுறையிற் கைக்கொள்ளத்தக்க மிகச் சிறந்த வழிவகைகளை உடைமையாளர் கையாளவேண்டும் என்றது. இச்சொற்றொடர் இறப்பர் போன்றது. எது கைக்கொள்ளத்தக்கது என்பதைத் தீர்மானிப்பவர் யார்? பரிசோதகரும் தொழிலதிபருமே; புகையை உண்பவருக்கு அப்பேச்சில் இடமில்லை. ஆயினும், புதிய கருவி தோன்றுந்தோறும் சட்டத்தை மாற்றாமலே கட்டுப்பாட்டை இறுக்க அது இடந்தந்தது என்பதையும் மறுத்தற்கில்லை. 1876 இல் அமைந்த அரச ஆணைக்குழு இரண்டாண்டு விசாரித்தது. 1881 ஆம் ஆண்டுச் சட்டம் பசளைத் தொழிற்சாலை, சல்பூரிக்கமிலத் தொழிற்சாலை முதலியவற்றையும் பரிசோதனைக்குட்படுத்தியது.

இதற்கிடையே வேடிக்கையான ஒரு திருப்பமும் நேர்ந்தது. கடதாசிக்கு இருந்த வரி 1861 இல் நீங்கவே, வெளுப்புத் தூளின் தேவை ஓங்கிற்று. அத்தூளைச் செய்வதற்குக் கோபுரத்து அமிலநீரே மூலப்பொருள். பிற்காலத்திலே சொல்வே என்பாரின் மலிவான முறை போட்டிக்கு வந்தபோது, பழைய முறையினரின் தொழிலைச் சில காலம் தாங்கி நின்றது, ஒரு காலத்தில் அவர்கள் வானத்துக்கு வீசிய அந்தப் பொருளேயாம். சிமித்தின் வெற்றியிற் சந்தைக்கும் ஒரு பங்குண்டு என்பதைச் சொல்லாது விடுதல் நேர்மையன்று.

உத்தியோகத்தின் நடுவே அவர் மழையை மறக்கவில்லை. மான்செஸ்டருக்குத் தொலைவான வயல்களிலும், புறநகரிலும், நகரின் நடுவிலும் காற்றின் இயல்பு படிப்படியாக வேறுபட்டு, நகரில் அமிலம் மேலோங்குவதை 1852 இலேயே எழுதியிருந்தார். 1872 இல் ‘காற்றும் மழையும்’ என்னும் பெருநூலை வெளியிட்டார். அமில மழை என்னும் தொடர் அந்நூலின் வழி வந்தது. நகர மழையிலுள்ள அமிலத்துக்குப் பெரிதும் காரணம் நிலக்கரியை எரித்தல் என்றும், அதனாற் சாயம் மங்குகின்றது, இரும்பு துருப்பிடிக்கின்றது, கட்டடக் கல் உதிர்கின்றது என்றும் அவர் காட்டினார். நிலக்கரிப் புகையோ அவருடைய சட்டத்துக்கு வெளியே நின்றது. காரத் தொழிற்சாலையைத் தேடிச்சென்ற பரிசோதகர், தம் கைக்கெட்டாத பெரிய குற்றவாளியை அடையாளங்கண்டு எழுதிவைத்தார். அதற்குமேற் செய்ய அவருக்கு அதிகாரமில்லை.

சிமித் 1884 மே மாதம் காலமானார். அவரிடத்துக்கு வந்தவர் ஈதர்க் கருவி அமைத்த பிளெச்சர். அவர்கள் தொடங்கிய பரிசோதகர் அலுவலகம் 1980 ஆம் ஆண்டுகளிற் பெயர் மாறி, 1996 இல் இங்கிலாந்தின் சூழல் முகவரகத்தோடு சேர்ந்தது. ‘காற்றும் மழையும்’ நூலைப் பெரும்பாலோர் மறந்தனர். 1960 ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியிலே, சுவீடன் நாட்டு அறிஞர் சுவாந்தே ஒடேன், பிற நாட்டுப் புகையால் தம் நாட்டு ஏரிகள் அமிலமாகின்றன என்று எடுத்துரைத்தார். எல்லை கடக்கும் காற்று மாசு பற்றிய உடன்படிக்கை ஜெனீவாவில் 1979 இற் கைச்சாத்தாயிற்று. அந்நூல் வெளியாகி அப்போது 107 ஆண்டுகள் கழிந்திருந்தன.