வாளேந்திய பெண்களும் தோற்பை சுமந்த பெண்களும்



அறிவியல் புனைகதைகளிலும் சித்திரக் கதைகளிலும் இறைப்பற்றுள்ள வீரப் பெண்கள் இன்று அடிக்கடி தோன்றுகிறார்கள். நம் வீட்டுப் பிள்ளைகளும் அவற்றைப் படிக்கிறார்கள், பார்க்கிறார்கள், அவை குறித்து விவாதிக்கிறார்கள். அந்த விவாதங்களைச் செவிமடுத்தால் பெரும்பாலும் இரண்டு கருத்துகளே மேலோங்கி நிற்பதைக் காணலாம். தொழுகையும் நோன்பும் பேணும் பெண் போர்க்களத்தில் நிற்பது நடவாத கற்பனை, மார்க்கத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை என்பது ஒரு சாராரின் கருத்து. எங்கள் வரலாறு முழுவதும் வாளேந்திய வீராங்கனைகள்தாம், இந்தக் கதைகள் சொல்வது குறைவே என்பது மறுசாராரின் பெருமிதம்.

இவ்விரு கருத்துகளையும் வரலாற்றின் முன் நிறுத்திப் பார்ப்பது நம் கடமை எனக் கருதுகிறோம். கதையைப் பற்றிய தீர்ப்பு தவறினால் பெரிய இழப்பு ஏதுமில்லை. ஸஹாபியப் பெண்களைப் பற்றிய நம் சித்திரம் தவறினால், நம் பெண் பிள்ளைகளுக்கு முன்மாதிரியாக யாரைக் காட்டுகிறோம் என்பதே தவறிவிடும்.

புனைவுகள் எழுப்பிய விவாதம்

முதலில் நமக்கு அருகிலிருந்தே தொடங்குவோம். வங்கத்தைச் சேர்ந்த ரொக்கையா சகாவத் ஹுசைன் அவர்கள் (1880–1932) ஆங்கிலத்தில் எழுதிய 'சுல்தானாவின் கனவு' என்ற சிறுகதை, 1905ஆம் ஆண்டு சென்னையிலிருந்து வெளிவந்த 'இந்தியன் லேடீஸ் மேகஸின்' என்ற இதழில் அச்சேறியது. ஒரு முஸ்லிம் பெண் எழுதிய அறிவியல் புனைகதை, நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்பே நம் சென்னையில் வெளியாகியிருக்கிறது.

அக்கதையில் பெண்கள் ஆளும் நாடொன்றின் மீது பகைவர் படையெடுக்கின்றனர். ஆண்களின் படை தோற்றுத் துவண்டபோது, பல்கலைக்கழகத் தலைவி ஒருவர் தம் மாணவியர் 2,000 பேருடன் களத்துக்குச் செல்கிறார். அவர்கள் கையில் வாள் இல்லை. சூரிய ஒளியையும் வெப்பத்தையும் திரட்டும் கருவியைத்தான் கொண்டு செல்கிறார்கள். அந்த வெப்பத்தைப் பகைவர் மீது திருப்புகிறார்கள். பகைவர் சிதறி ஓடுகின்றனர். இக்கதையின் முதல் வாசகர் ரொக்கையாவின் கணவர். நின்றபடியே படித்து முடித்த அவர், இது பயங்கரமான பழிவாங்கல் என்ற பொருளில் கருத்துச் சொன்னதாக ரொக்கையாவே பின்னர் நினைவுகூர்ந்துள்ளார். வாசகர் கருத்து என்பது கதை அச்சேறும் முன்பே தொடங்கிவிட்டது!

2002இல் அமெரிக்கச் சித்திரக் கதையொன்றில், நிகாப் அணிந்த ஆப்கானியப் பெண்ணான சூரய்யா காதிர் அறிமுகமானாள். மணற்புயலாக மாறும் ஆற்றல் அவளுக்கு உண்டு. 2013இல் பாகிஸ்தானில் 'புர்கா அவெஞ்சர்' என்ற உருதுக் கேலிச்சித்திரத் தொடர் ஒளிபரப்பாயிற்று. அதன் நாயகி ஜியா, பெண்கள் பள்ளி ஒன்றின் ஆசிரியை. பள்ளியை மூட முனைவோரைப் புர்கா அணிந்து எதிர்க்கிறாள். நூல்களும் எழுதுகோல்களுமே அவளுடைய ஆயுதங்கள். அன்றாட வாழ்வில் புர்கா அணியாத ஜியா, தன்னை மறைத்துக்கொள்ள மட்டுமே அதை அணிகிறாள். இது ஆடைக்குப் பெருமையா, இல்லை வெறும் மாறுவேடமா என்று பார்வையாளர்கள் வாதிட்டனர்.

இந்த விவாதங்களில் பேசப்படுவன பெரும்பாலும் ஆடையும் ஆயுதமுமே. அப்பெண் எதைக் காக்க நிற்கிறாள், எந்த நம்பிக்கை அவளை நிறுத்துகிறது, அதற்காக அவள் கொடுக்கும் விலை என்ன என்பன குறைவாகவே பேசப்படுகின்றன. வரலாறோ இந்தக் கேள்விகளுக்குத்தான் முதலில் விடை தருகிறது.

உஹதில் உம்மு உமாரா (ரலி)

நுஸைபா பின்த் கஅப் என்ற உம்மு உமாரா (ரலி) அவர்கள் மதீனாவின் அன்ஸாரிப் பெண்மணி. இரண்டாம் அகபா உடன்படிக்கையில் நபி (ஸல்) அவர்களிடம் வாக்குறுதி அளித்தோர் 73 ஆண்களும் 2 பெண்களும் ஆவர் என ஸீரா நூல்கள் கூறுகின்றன. அவ்விரு பெண்களில் ஒருவர் இவர். ஆக, இவருடைய வரலாறு வாளிலிருந்து தொடங்கவில்லை, வாக்குறுதியிலிருந்து தொடங்குகிறது.

ஹிஜ்ரி 3ஆம் ஆண்டு (கி.பி. 625) உஹதுப் போருக்கு அவர் தம் கணவருடனும் மக்களுடனும் சென்றார். சென்றது போரிடுவதற்காக அன்று. காயமுற்றோருக்கு நீர் புகட்டத் தோற்பையைச் சுமந்து சென்றார். வில்லாளர்கள் தம் இடத்தை விட்டு இறங்கியதால் போரின் போக்கு மாறி, நபி (ஸல்) அவர்களைச் சூழ ஒரு சிலரே எஞ்சிய வேளையில்தான் அவர் தோற்பையை வைத்துவிட்டு வாளையும் கேடயத்தையும் எடுத்தார். அன்று அவருக்கு ஏற்பட்ட காயங்கள் 12 என்கின்றனர் வரலாற்றாசிரியர்கள். தோளில் பட்ட காயம் ஆழமானது. பின்னாளில் அந்த வடுவின் பள்ளத்தைத் தம் கண்ணால் கண்ட பெண்மணியின் அறிவிப்பை இப்னு ஹிஷாம் பதிவு செய்துள்ளார்.

தம் மகன் அப்துல்லாஹ் காயமுற்றபோது, இடுப்பில் செருகி வைத்திருந்த துணிகளால் கட்டுப் போட்டு, எழுந்து களத்துக்குச் செல் என்று அனுப்பியவரும் இந்தத் தாய்தான். மற்றொரு மகன் ஹபீப் (ரலி) பொய்த் தூதன் முஸைலிமாவால் சித்திரவதை செய்யப்பட்டு ஷஹீதானார். யமாமா போரில் உம்மு உமாரா (ரலி) அவர்கள் கலந்துகொண்டு ஒரு கையை இழந்தார்கள். வெற்றி ஊர்வலமோ மகுடமோ அவருக்கு வாய்க்கவில்லை. ஒரு மகனையும் ஒரு கையையும் கொடுத்துவிட்டு வீடு திரும்பினார்.

அவர் கேட்ட கேள்வி

உஹதில் நின்றவராக நாம் அறியும் இதே உம்மு உமாரா (ரலி) அவர்கள், எல்லாமே ஆண்களைக் குறித்தே கூறப்படுவதாகத் தெரிகிறதே, பெண்கள் குறிப்பிடப்படவில்லையே என்று நபி (ஸல்) அவர்களிடம் முறையிட்டதாகவும், அப்போது அஹ்ஸாப் அத்தியாயத்தின் 35ஆம் வசனம் அருளப்பட்டதாகவும் திர்மிதியில் ஓர் அறிவிப்பு உண்டு. இக்கேள்வியைக் கேட்டவர் உம்மு ஸலமா (ரலி) என வேறு அறிவிப்புகளும் உள்ளன.

அவ்வசனம் முஸ்லிமான ஆண்களையும் பெண்களையும் இணை இணையாகக் குறிப்பிட்டுப் பத்துப் பண்புகளைச் சொல்கிறது. ஈமான், கீழ்ப்படிதல், வாய்மை, பொறுமை, உள்ளச்சம், தர்மம், நோன்பு, கற்பைக் காத்தல், அல்லாஹ்வை நினைவுகூர்தல் என அப்பட்டியல் செல்கிறது. நாம் நின்று சிந்திக்க வேண்டிய இடம் இது. போர்க்களம் கண்ட பெண்ணின் கேள்விக்கு வந்த விடையில் போர் இல்லை. ஆணும் பெண்ணும் சமமாக அடையக்கூடிய பத்துப் பண்புகளே உள்ளன. உஹதில் அவரை நிறுத்தியவையும் அந்தப் பண்புகள்தாம். கையில் அன்று வாள் இருந்தது, அவ்வளவே.

வாளும் தோற்பையும்

ஹுனைன் போரில் (ஹிஜ்ரி 8) உம்மு ஸுலைம் (ரலி) அவர்கள் ஒரு கத்தியைத் தம்முடன் வைத்திருந்ததும், எதற்கென்று கேட்கப்பட்டபோது இணைவைப்பவர் எவரேனும் நெருங்கினால் குத்துவதற்கென்று அவர் சொன்னதும், அதைக் கேட்டு நபி (ஸல்) அவர்கள் சிரித்ததும் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளன. தம்மை மணக்க விரும்பிய அபூதல்ஹாவிடம் அவர் இஸ்லாத்தை ஏற்பதையே மஹராகக் கேட்ட பெண்மணியும் இவரே.

இவருடைய சகோதரி உம்மு ஹராம் (ரலி) அவர்கள், கடல் கடந்து செல்லும் படையில் தாமும் இருக்க துஆச் செய்யுமாறு நபி (ஸல்) அவர்களிடம் வேண்டினார்கள். பல ஆண்டுகளுக்குப் பின், உஸ்மான் (ரலி) அவர்களின் ஆட்சியில், முதுமையை எட்டிய நிலையில் கப்பலேறினார்கள். கரை இறங்கியபின் வாகனத்திலிருந்து விழுந்து வஃபாத்தானார்கள். அவர்களுடைய அடக்கத்தலம் சைப்ரஸ் தீவில் லார்னகா உப்பு ஏரிக்கரையில் இன்றும் உள்ளது. அவர் வாள் வீசியதாகச் செய்தி இல்லை. அவருடைய வீரத்தில் ஐயம் கொள்வோரும் இல்லை.

உஹதில் ஆயிஷா (ரலி) அவர்களும் உம்மு ஸுலைம் (ரலி) அவர்களும் தோற்பைகளை முதுகில் சுமந்து வந்து நீர் புகட்டியதையும், ருபைய்யிஃ பின்த் முஅவ்வித் (ரலி) போன்றோர் காயமுற்றோரை மதீனாவுக்குக் கொண்டு சேர்த்ததையும் புகாரி பதிவு செய்கிறது. உம்மு அதிய்யா (ரலி) அவர்கள் ஏழு போர்களில் உடன் சென்று, உணவு சமைத்து, காயங்களுக்கு மருந்திட்டதை முஸ்லிம் பதிவு செய்கிறது.

புகாரியிலுள்ள மற்றொரு செய்தி நம் விவாதத்துக்கு மிகவும் உரியது. உமர் (ரலி) அவர்கள் மதீனத்துப் பெண்களுக்கு ஆடைகளைப் பங்கிட்டபோது நல்லதோர் ஆடை எஞ்சியது. அதைத் தங்கள் மனைவிக்குக் கொடுங்கள் என்று சிலர் கூறினர். கலீஃபாவின் மனைவியோ நபி (ஸல்) அவர்களின் பேத்தி. ஆயினும் உமர் (ரலி) அவர்கள் மறுத்து, அன்ஸாரிப் பெண்மணியான உம்மு ஸலீத் (ரலி) அவர்களே அதற்கு அதிக உரிமை உடையவர் என்றார்கள். காரணம், உஹதுப் போரில் அவர் தோற்பைகளைச் சுமந்து வந்தார் என்பதே. வாளேந்தியவருக்கு மட்டுமே வீரர் என்ற பெயர் என்று அந்தச் சமுதாயம் எண்ணியதில்லை.

போர் புரிதல் பெண்கள் மீது கடமையாக்கப்படவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஜிஹாதைக் குறித்து ஆயிஷா (ரலி) அவர்கள் கேட்டபோது, பெண்களுக்குரிய ஜிஹாத் ஹஜ்ஜே என்ற பொருளில் நபி (ஸல்) அவர்கள் விடையளித்தார்கள். கடமை இல்லாத போதும் ஆபத்து நேர்ந்தபோது முன்வந்தார்கள் என்பதுதான் மேற்கண்ட பெண்மணிகளின் சிறப்பு. எனவே, இது நடவாத கற்பனை என்போரின் கருத்து வரலாற்றின் முன் நிற்காது.

கவ்லாவின் கதை

மறுசாராரின் பெருமிதத்தையும் இதே உரைகல்லில் உரசிப் பார்ப்பதே நேர்மை. வீரப் பெண் என்றதும் நம்மில் பலர் முதலில் சொல்லும் பெயர் கவ்லா பின்த் அல்அஸ்வர். முகத்தை மறைத்துக் குதிரையேறி ரோமானியப் படைக்குள் பாய்ந்து, சிறைப்பட்ட தம் சகோதரர் ளிராரை மீட்கப் போராடினார் என்ற கதை உள்ளத்தை உருக்குவது. ஐக்கிய அரபு அமீரகத்தில் பெண்களுக்கான இராணுவப் பயிற்சிக் கல்லூரிக்கே அவர் பெயர் சூட்டப்பட்டுள்ளது.

ளிரார் வரலாற்றில் அறியப்பட்டவர். கவ்லாவின் வீரக் கதையோ வாகிதியின் பெயரால் வழங்கும் 'ஃபுதூஹுஷ் ஷாம்' என்ற நூல் வழியாகவே பரவியது. இப்போது கிடைக்கும் அந்நூல் ஹிஜ்ரி 207இல் மறைந்த வாகிதி எழுதியது அன்று, சிலுவைப் போர்க் காலத்தை ஒட்டி வளர்ந்த வீரகதை என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. இப்னு ஸஅத், தபரீ போன்ற முற்கால ஆசிரியர்களிடம் இக்கதை காணப்படவில்லை. உம்மு உமாரா (ரலி) அவர்களின் செய்திகள் சிலவும் வாகிதி வழியாக வந்தவைதாமே என்று ஒருவர் கேட்கலாம். வாகிதியை ஹதீஸ் கலை வல்லுநர்கள் பலவீனமானவர் எனக் கருதுவது உண்மையே. ஆனால் உம்மு உமாரா (ரலி) அவர்களின் அகபா, உஹது, யமாமா செய்திகளுக்கு இப்னு இஸ்ஹாக், இப்னு ஹிஷாம் வழியாகவும் சான்று உண்டு. கவ்லாவின் கதைக்கு அத்தகைய துணைச் சான்று இல்லை.

அதனால் அக்கதையைத் தூக்கி எறிய வேண்டுமா? தேவையில்லை. நம் முன்னோரும் வீரகதைகளை விரும்பியவர்கள்தாம். தமிழ் முஸ்லிம் புலவர்கள் 'படைப்போர்' என்றொரு இலக்கிய வகையையே வளர்த்தார்கள். ஷாம் நாட்டு வெற்றிகள் 'புதூகுஷ்ஷாம்' என்ற பெயரில் தமிழ்க் காப்பியமாகவே பாடப்பட்டன. அன்றைய மக்களுக்கு அவை தந்த கிளர்ச்சியையே இன்றைய அறிவியல் புனைவு நம் பிள்ளைகளுக்குத் தருகிறது. கதையைக் கதை என்று சொல்லிக் கொடுப்பதில் குற்றம் இல்லை. கதையை வரலாறு என்று சொல்லிக் கொடுப்பதில்தான் ஆபத்து இருக்கிறது. மதரஸாவில் கவ்லாவை உறுதியான வரலாறாகப் படித்த பெண், நாளை கல்லூரியில் அதற்கு ஆதாரமில்லை என்று பிறர் வாயால் அறிவாள். அன்று அவள் கவ்லாவை மட்டும் ஐயுறமாட்டாள். அதே பாடத்தில் படித்த உம்மு உமாரா (ரலி) அவர்களையும் ஐயுறுவாள்.

எதைக் கொண்டு அளப்பது?

இனி அறிவியல் புனைவொன்று பிள்ளைகளின் கைக்கு வந்தால், தடுப்பதா பாராட்டுவதா என்று முதலில் தடுமாற வேண்டாம். அவர்களுடன் அமர்ந்து சில கேள்விகளைக் கேட்போம். இந்த நாயகியின் தொழுகை கதையில் எங்கே இருக்கிறது? அவளுடைய நம்பிக்கை அவளை எதற்குத் தூண்டுகிறது, எதிலிருந்து தடுக்கிறது? அவள் காப்பது யாரை? அவளுக்கு நீர் கொண்டு வருபவருக்குக் கதையில் பெயர் உண்டா?

ரொக்கையா அவர்கள் கதையோடு நின்றுவிடவில்லை. பெண்கள் கற்றால் என்ன செய்ய முடியும் என்று கற்பனை செய்தவர், 1911இல் கொல்கத்தாவில் முஸ்லிம் பெண் பிள்ளைகளுக்கான பள்ளியைச் சில மாணவியருடன் நடத்தத் தொடங்கினார். கதையில் ஒளி திரட்டிய 2,000 மாணவியருக்கும் அந்தப் பள்ளியின் சிறு வகுப்பறைக்கும் உள்ள தொலைவை அவர் தம் உழைப்பால் கடந்தார். புனைவு நன்றா தீதா என்பதை அது நம்மை எந்தச் செயலுக்கு அனுப்புகிறது என்பதைக் கொண்டும் அளக்கலாம்.

நம் பெண் மக்களை வாய்மையும் பொறுமையும் உள்ளச்சமும் உடையோராக வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஸஹாபியப் பெண்மணிகளின் வரலாற்றைக் கூட்டாமலும் குறைக்காமலும் எடுத்துரைக்க நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன். அல்லாஹ் மிக அறிந்தவன்.