ஃபிரீட்ரிக்ஷ்டாட்

வட ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஷ்டைன் மாநிலத்தில், டிரேன ஆறு ஐடருடன் கலக்குமிடத்தில் அமைந்த சிற்றூர். வணிகத் துறைமுகம் ஒன்றை உருவாக்க விரும்பிய கோட்டோர்ப் கோமகன் மூன்றாம் ஃபிரீட்ரிக் 1621இல் இதை நிறுவினார். நெதர்லாந்தில் ஒடுக்கப்பட்ட ரெமான்ஸ்ட்ரன்ட் கிறித்தவர்களுக்கு வழிபாட்டுரிமை தந்து குடியமர்த்தினார். மெனனைட்டுகள், கத்தோலிக்கர், யூதர் எனப் பலரும் பின்னர் வந்து சேர்ந்தனர். துறைமுகக் கனவு பலிக்கவில்லை. சமயங்கள் கூடி வாழ்ந்த மரபே ஊரின் உண்மையான செல்வம்.

டச்சுக்காரர்கள் வெட்டிய கால்வாய்கள் இன்றும் தெருக்களை ஒட்டி ஓடுகின்றன. சந்தைச் சதுக்கத்தின் செங்கல் வீடுகளுக்குப் படிப்படியாக ஏறிக் குறுகும் கூரைமுகப்பு உண்டு. வாசல்களுக்கு மேல் பதித்த சின்னக் கற்களை நின்று பார்க்க வேண்டும். அவையே அன்றைய வீட்டு அடையாளம். 1850இல் நடந்த போரொன்றின் பீரங்கித் தாக்குதலில் ஊரின் பெரும்பகுதி அழிந்தது. அப்போது இடிந்த ரெமான்ஸ்ட்ரன்ட் தேவாலயம் மீண்டும் கட்டப்பட்டது. 1938இல் நாஜிகள் சூறையாடிய யூதத் தொழுகைக்கூடம் இப்போது பண்பாட்டு, நினைவு மையமாக இயங்குகிறது.