சில்லிலிருந்து கோப்புக்கு: இலவச சவுண்ட்ஃபாண்டுகளும் கம்பம் பள்ளத்தாக்கின் வாத்தியங்களும்

கணினியில் மிடி கோப்பை ஓடவிட்டால் நல்ல பாட்டுகூடப் பொம்மைக் கீபோர்டில் வாசித்ததுபோல் கேட்பது ஏன்? கோப்பைக் குறைசொல்லிப் பயனில்லை. மிடி கோப்பில் ஒலியே கிடையாது. எந்தச் சுரம், எந்த நேரத்தில், எவ்வளவு அழுத்தத்தில், எந்த வாத்தியத்தில் என்ற கட்டளைகள் மட்டுமே இருக்கும். பண்ணைப்புரத்துக்காரரான இளையராஜா இசைக்கோவை முழுவதையும் மேற்கத்திய நொட்டேஷனில் எழுதி, வாத்தியக்காரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் முறையோடு இதை ஒப்பிடலாம். தாள் அதேதான், வாசிக்கும் ஆள் மாறினால் காதில் விழுவது மாறும். கணினிக்குள் வாசிக்கும் அந்த ஆள் 1980களின் இறுதியில் ஒரு சில்லாக இருந்தார், 1990களின் நடுவில் ஒரு கோப்பானார். பண்ணைப்புரம் இருக்கும் அதே உத்தமபாளையம் வட்டத்தில், கம்பத்திலிருந்து சுருளி அருவிக்குப் போகும் வழியில் இருக்கும் சுருளிப்பட்டி போன்ற ஊருக்கு இந்த மாற்றம் எதைக் கொண்டுவந்தது, எதை விட்டுவிட்டு வந்தது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

மிடி 1983இல் வந்தது. அமெரிக்காவின் டேவ் ஸ்மித்தும் ஜப்பானில் ரோலண்டைத் தொடங்கிய இகுதாரோ ககேஹாஷியும் அதன் பின்னணியில் இருந்த முக்கியமானவர்கள். மூன்றே ஆண்டில் அது கோடம்பாக்கத்தை எட்டிவிட்டது: கணினியைக் கொண்டு பாட்டுப் பதிந்த முன்னோடிப் படமாக இளையராஜாவின் 'புன்னகை மன்னன்' (1986) பரவலாகக் குறிக்கப்படுகிறது. ஸ்டூடியோவில் அந்தக் கட்டளைகளை வாங்கி ஒலித்தவை விலையுயர்ந்த சிந்தசைஸர்கள். வீட்டுக் கணினிக்கு வாய்த்தது வேறு. ஆட்லிப் அட்டையிலும் (1987) அடுத்து வந்த சவுண்ட் பிளாஸ்டரிலும் (1989) இருந்தது யமஹாவின் ஒரு சில்லு. ஒரே சமயத்தில் 9 குரல். எந்தக் குரலுக்கும் பதிந்த ஒலி கிடையாது, எல்லாம் அலைகளைக் கணக்குப் போட்டு உண்டாக்கியவை. வயலினும் புல்லாங்குழலும் ஒன்றுக்கொன்று ஒன்றுவிட்ட தம்பிகள்போல ஒலித்ததில் வியப்பில்லை.

நம் பக்கத்துக்கு உண்மையான பாதிப்பைத் தந்தது 1991இல் வகுத்த ஜெனரல் மிடி பட்டியல். 128 வாத்தியங்களுக்கு எண் கொடுத்து, தாளக் கருவிகளுக்கு 10ஆம் சேனலை ஒதுக்கினார்கள். இதனால் ஒரு கோப்பு எந்தக் கருவியில் ஓடினாலும் பியானோ பியானோவாகவே வந்தது, பெரிய வசதிதான். ஆனால் மேற்கத்திய இசைக்கு வெளியே உள்ள உலகத்துக்குப் பெரும்பாலும் 105 முதல் 112 வரை எட்டே இடம், அதிலும் பாஞ்சோவும் ஃபிடிலும் பேக்பைப்பும் புகுந்துகொண்டன. இந்தியாவுக்குக் கிடைத்தவை 105இல் சிதாரும் 112இல் ஷெனாயும். வீணை இல்லை, நாதஸ்வரம் இல்லை. தாளப் பட்டியலில் கியூபாவின் போங்கோவும் பிரேசிலின் குயீக்காவும் உண்டு. தபலாகூடக் கிடையாது, தவிலை எங்கே தேடுவது?

1994இல் கிரியேட்டிவ் நிறுவனம் சவுண்ட் பிளாஸ்டர் ஏடபிள்யூஇ32 அட்டையை வெளியிட்டது. அதற்கு முந்திய ஆண்டுதான், சாம்ப்ளர் கருவிகள் செய்துவந்த ஈ-மூ நிறுவனத்தை அது வாங்கியிருந்தது. அட்டையின் 512 கேபி நினைவகத்தில் பயனரே தனக்கு வேண்டிய ஒலிகளை ஏற்றிக்கொள்ளலாம். அப்படி ஏற்றுவதற்கான கோப்பு வடிவமே சவுண்ட்ஃபாண்ட். அதன் அமைப்பு மூன்று அடுக்கு: பதிந்த ஒலித்துண்டுகள், அவற்றை எந்தச் சுரத்துக்கு எது என்று பிரித்துவைக்கும் இன்ஸ்ட்ருமென்ட், அதற்கு எண் கொடுக்கும் பிரீசெட். ஒலித்துண்டின் நடுவில் ஒரு சிறு பகுதியைச் சுற்றிச்சுற்றி ஓடவிட்டால் ஒரு விநாடிப் பதிவைக்கூட எவ்வளவு நேரமும் நீட்டலாம். இந்த வடிவத்தின் விவரங்கள் வெளியாகிவிட்டதால், நாளடைவில் அட்டையே தேவையில்லாமல் போயிற்று. பீட்டர் ஹனாப்பெ தொடங்கிய ஃபுளூயிட்சிந்த் அந்த வேலையை மென்பொருளாகவே செய்தது.

இனி மேம்பாடு என்றால் கோப்பை மாற்றுவது, அவ்வளவுதான். விண்டோஸோடு வரும் ஒலித்தொகுப்பு ஏறத்தாழ 3.3 எம்பி. ஃபிராங்க் வென் தொகுத்த ஃபுளூயிட்ஆர்3 ஏறத்தாழ 140 எம்பி. கிறிஸ்டியன் காலின்ஸின் ஜெனரல்யூசர் ஜிஎஸ் சுமார் 30 எம்பிதான். ஆனாலும் வாத்தியங்களுக்கிடையே ஒலியளவு ஒத்துப்போவதில் அதுவே மேல் என்பது என் காதின் தீர்ப்பு. உரிமம் இன்னொரு பிரச்சினை. இலவசமாகச் சுற்றிய தொகுப்புகள் பலவற்றில் எந்த ஒலி எந்த நிறுவனத்தின் கீபோர்டிலிருந்து உருவியது என்றே தெரியாது. ஃபுளூயிட்ஆர்3 எம்ஐடி உரிமத்தில் வந்ததால்தான் லினக்ஸ் இயங்குதளமான டெபியன் அதைத் தன் பொதிகளில் சேர்த்துக்கொள்ள முடிந்தது. இசைக்குறிப்பு எழுதும் மென்பொருளான மியூஸ்ஸ்கோர் 2 அதே தொகுப்பைச் சுருக்கித் தன்னோடு கொடுத்தது.

கம்பம் பள்ளத்தாக்கின் மெல்லிசைக் குழுக்கள் இந்த வழியில் வரவில்லை. மேடையில் நிற்பது யமஹாவின் இந்தியக் கீபோர்டு வரிசையோ ரோலண்ட் எக்ஸ்பிஎஸ்-10ஓ. வாசிப்பவர்கள் ஒலியை 'டோன்' என்பார்கள்: நாதஸ்வர டோன், வீணை டோன். இந்திய டோன்களுக்குச் சந்தை இருக்கிறது என்று நிறுவனங்கள் கண்டுகொண்டன. ஆனால் அந்த டோன் அந்தப் பெட்டிக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கிறது. வீட்டில் கணினியை வைத்துக்கொண்டு கோயில் பாட்டுக்கு இசை கோக்கிற இளைஞருக்கு அது எட்டாது. அவருக்கு எட்டுவது இலவச சவுண்ட்ஃபாண்ட். அதிலோ 1991ஆம் ஆண்டுப் பட்டியலே ஆட்சிசெய்கிறது.

சரி, நம் வாத்தியங்களைப் பதிந்து போட்டுவிட்டால் ஆயிற்றா? கிட்டப் போய்ப் பார்த்தால் சிக்கல் தெரியும். 2 கட்டைச் சுருதியில் பதிந்த நாதஸ்வரத்தின் ஒரு சுரத்தை 4 கட்டைக்கு உயர்த்த மூன்று அரைச்சுரம் ஏற்ற வேண்டும். கணினி அதை வேகமாக ஓட்டித்தான் ஏற்றும். நாதம் மெலியும், சுரத்திலிருக்கும் அசைவும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வேகம் கூடிவிடும். அசைவில்லாமல் பதிந்து, சுருதியை வளைக்கும் பிட்ச் பெண்ட் கட்டளையால் கமகம் கொடுக்கலாம். மிடி அதற்கு 16,384 படிகள் தருகிறது. ஆனால் வழக்கமான வீச்சு மேலும் கீழும் இரண்டு அரைச்சுரந்தான், அதைக் கட்டளை கொடுத்து அகலப்படுத்த வேண்டும். அதன்பின் ஒவ்வொரு கமகத்தையும் யார் வரைவது? சென்னையின் எம். சுப்பிரமணியன் எழுதிய 'காயக' மென்பொருள் இந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டது. கர்நாடக இசைக் குறிப்பைத் தட்டச்சுசெய்தால் கமகத்தோடு வாசித்துக் காட்டும். ஒலித்தொகுப்பு எவ்வளவு பெரிதானாலும் இந்த வேலையை அது செய்யாது.

தவிலுக்கு வேறு இடையூறு. கூடு மாட்டிய விரல்கள் வலந்தலையில் விழும்போது ஓர் அடியைப்போல இன்னொன்று இருப்பதில்லை. சவுண்ட்ஃபாண்ட் வடிவத்தில் அழுத்தத்துக்கேற்ப ஒலியை மாற்றலாம், ஆனால் ஒரே அழுத்தத்தில் முறைவைத்து வேறுவேறு பதிவுகளை எடுக்க வழியில்லை. பின்னால் வந்த எஸ்எஃப்இசட் வடிவத்தில் அது உண்டு. உறுமி இன்னும் முரண்டுபிடிக்கும். வளைந்த குச்சியைத் தோலில் தேய்த்தெழுப்பும் அந்த முழக்கம் தொடக்கம் முதல் முடிவுவரை சுருதியில் வழுக்கிக்கொண்டே போகிறது. நடுவில் ஒரு துண்டைச் சுற்றவிட்டால் வெறும் இரைச்சல்தான் மிஞ்சும். நையாண்டி மேளத்தின் உறுமியானாலும் தேவராட்டத்தின் தேவதுந்துபியானாலும், குட்டை, நெடிது என்று பல தேய்ப்புகளை முழுசாகப் பதிந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கீ ஒதுக்குவதே நடக்கக்கூடிய வழி.

அதற்கான கருவிகள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. பாலிஃபோன் என்ற இலவச மென்பொருளில் சவுண்ட்ஃபாண்டைப் பிரித்துத் திருத்தலாம். ஃபுளூயிட்சிந்த் ஒன்றன்மேல் ஒன்றாகப் பல தொகுப்புகளை அடுக்கிக்கொள்ளும். மேலே உள்ளதில் முதலில் தேடும், அங்கே இல்லாவிட்டால் கீழே இறங்கும். 112ஆம் எண்ணில் நாதஸ்வரத்தை மட்டும் வைத்த சின்னக் கோப்பை ஃபுளூயிட்ஆர்3இன் மேல் அடுக்கினால், பழைய மிடி கோப்புகளில் ஷெனாய்க்கு எழுதிய இடத்திலெல்லாம் நாதஸ்வரம் வரும். மீதி 127க்கும் கைவைக்க வேண்டியதில்லை. தாளக் கருவிகளில் இது செல்லாது. மேலே வைக்கும் டிரம் கிட், கீழிருக்கும் கிட் முழுவதையும் மறைத்துவிடும். அங்கே ஃபுளூயிட்ஆர்3இன் கிட்டையே நகலெடுத்து, ஜெனரல் மிடி பட்டியல் 81ஆம் கீயோடு நின்றுவிடுவதால் அதற்கு மேல் காலியாக இருக்கும் கீகளில் உறுமியையும் பம்பையையும் சேர்க்க வேண்டியதுதான். எம்ஐடி உரிமம் அப்படி நகலெடுத்து மாற்றி வெளியிட அனுமதிக்கிறது.