பழைய லாரிகளில் எஞ்சின் சூடேறுதல்

பண்ணாரியிலிருந்து திம்பம் ஏற 27 கொண்டை ஊசி வளைவுகள். முழு லோடு ஏற்றிய பழைய லாரி அந்த மலைப்பாதையில் முதல் கியரிலும் இரண்டாம் கியரிலுமாக நடை வேகத்தில் ஊரும். எஞ்சின் முழு மூச்சில் உழைக்கும். ரேடியேட்டர்மீது மோதும் எதிர்க்காற்றோ பெயரளவுக்குத்தான். சமவெளியில் ஒளிந்துகொண்டிருந்த கோளாறு வெளியே வருவதற்கு இதைவிடத் தோதான இடம் கிடையாது.

எரியும் டீசலின் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை இழுக்கும் வேலையாக மாறுகிறது. இன்னொரு பங்கு சைலன்சர் வழியே போய்விடும். மிச்சத்தில் பெரும்பகுதியை வாட்டர் பம்ப் சுற்றவிடும் தண்ணீர் வாங்கிக்கொண்டு ரேடியேட்டரில் கொட்ட வேண்டும். அந்தத் தண்ணீர் குறைந்தாலும், ஓட்டம் தடைபட்டாலும், காற்று போதாமல் போனாலும் முள் சிவப்புக் கோட்டை நோக்கி நகரும்.

அனுபவமுள்ள மெக்கானிக் முதலில் ஸ்பேனரை எடுக்கமாட்டார், ஓட்டுநரிடம் கேள்வி கேட்பார். எப்போது சூடாகிறது? நின்றிருக்கும்போதும் ஊர்ந்து போகும்போதும் மட்டும் சூடேறி, நெடுஞ்சாலையில் ஓடினால் இறங்கிவிடுகிறது என்றால் குற்றம் காற்றின் பக்கம்: தளர்ந்து வழுக்கும் ஃபேன் பெல்ட், உடைந்த ஃபேன் இறக்கை, காற்றை வளைத்துப்பிடிக்கும் கூண்டு கழன்று போனது. வேகமாகப் போகும்போதும் லோடோடு ஏறும்போதும்தான் சூடாகிறது என்றால் தண்ணீர்ப் பாதையில் அடைப்பு என்று சந்தேகிக்கலாம். கீழ் ஹோஸையும் பார்க்க வேண்டும். உள்ளே ஸ்பிரிங் இல்லாத பழைய ஹோஸ், பம்ப் வேகமாக உறிஞ்சும்போது சப்பிப்போய்விடும். வண்டி நின்றதும் பழையபடி உப்பிக்கொள்வதால் கண்ணில் படாது.

அடைப்புக்கு முக்கியக் காரணம் ஊற்றும் தண்ணீர்தான். கூலன்ட் ஊற்றாமல் ஆண்டுக்கணக்கில் போர்த் தண்ணீரிலேயே ஓடிய எஞ்சினில், லைனரைச் சுற்றியும் ரேடியேட்டர் குழாய்களிலும் உப்புப் படிந்து கெட்டியாகிவிடும். வார்ப்பிரும்போடு ஒப்பிட்டால் அந்தப் படிவு வெப்பத்தைக் கடத்துவதில் படு மந்தம். போதாக்குறைக்குக் கைவைத்தியம் வேறு. வழியில் ஒழுகும் ரேடியேட்டரில் மஞ்சள்தூளைக் கொட்டுவது பழைய பழக்கம். ஒழுக்கு நிற்கும், உண்மைதான். ஆனால் மஞ்சள்தூளுக்கு ஓட்டை எது, குழாய் எது என்று தெரியாது.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவதும் இதே ரகம். பெரும்பாலும் 80 டிகிரிக்குச் சற்று மேலே திறக்கும் இந்த மெழுகு வால்வு மூடியபடியே சிக்கிக்கொண்டால் எஞ்சின் கொதிக்கும். சந்தேகம் வந்தால் வெந்நீர்ப் பாத்திரத்தில் போட்டு, திறக்கிறதா என்று பார்த்துவிடலாம். கழற்றிவிட்டு ஓட்டினால் எஞ்சின் சூட்டு நிலைக்கு வரத் தாமதமாகி, டீசல் அதிகம் செலவாகும். சில எஞ்சின்களில் விளைவு தலைகீழ். தெர்மோஸ்டாட் திறக்கும்போதே பைபாஸ் வழியை அடைக்கும் அமைப்பு அவற்றில் உண்டு. தெர்மோஸ்டாட் இல்லாதபோது பைபாஸ் திறந்தே கிடக்கும். சுடுதண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும்.

ரேடியேட்டர் மூடியை யாரும் மதிப்பதில்லை. அது தண்ணீரை அழுத்தத்தில் வைத்துக் கொதிநிலையை 100 டிகிரிக்கு மேலே தள்ளுகிறது. உயரம் ஏற ஏறக் கொதிநிலை தானாகவே இறங்கும் மலைப்பாதையில் அந்த வேலை இன்னும் முக்கியம். ரப்பர் வாஷர் தேய்ந்த மூடியால் அதைச் செய்ய முடியாது. அதே அழுத்தத்தால்தான் சூடான மூடியைத் திருகியவரின் முகம் வேகிறது.

கடைசியாகத்தான் ஹெட் கேஸ்கட். ஒழுக்கே தெரியாமல் தண்ணீர் குறைவது, மூடி திறந்த ரேடியேட்டரில் எஞ்சின் ஓடும்போது விடாமல் குமிழி வருவது, ஆயில் பால் கலந்த டீ நிறத்துக்கு மாறுவது, இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகை. இந்த அறிகுறிகள் நான்கும் சேர்ந்தே வர வேண்டியதில்லை, சந்தேகிக்கக் குமிழி ஒன்றே போதும். ஆயிலில் தண்ணீர் இறங்கியிருந்தால் லைனரின் ரப்பர் வளையமும் காரணமாக இருக்கலாம். எல்லாம் சரியாக இருந்தும் ஏற்றத்தில் கொதித்தால், பிடித்தபடியே உரசும் பிரேக்கையும் டீசல் பம்ப் டைமிங்கையும் பார்க்க வேண்டும்.

மீட்டரே பொய் சொல்வதும் உண்டு. அகச்சிவப்பு வெப்பமானியை ஹெட்டின்மேல் காட்டினால் உண்மை தெரிந்துவிடும். ஏறிக்கொண்டிருந்த முள் திடீரென்று விழுந்தால் ஓட்டுநர் நிம்மதி அடையக்கூடாது, வண்டியை உடனே ஓரங்கட்ட வேண்டும். தண்ணீர் முழுக்க வற்றியதும் சென்சார் வெறும் ஆவியில் நிற்கும். அப்போது அது காட்டுவது எஞ்சினின் சூட்டை அல்ல.