சிறகுக் கதவு வண்டி

மோட்டார் வண்டியின் கதவு பக்கவாட்டில் திறப்பதே உலக வழக்கு. 1954 பிப்ரவரியில் மெர்சிடிஸ்-பென்ஸ் கம்பெனியார் நியூயார்க் கண்காட்சியில் வைத்த 300 எஸ்.எல். என்னும் கூப்பே காரிலோ, கதவுகள் கூரையில் கீல் கொண்டு வானை நோக்கித் திறந்தன. ஆங்கிலேயர் அதனைக் கடற்பறவையின் சிறகு என்றனர். பிரெஞ்சுக்காரர் பட்டாம்பூச்சி என்றனர். ஜெர்மானியர் 'சிறகுக் கதவு வண்டி' என்பதோடு நிறுத்திக்கொண்டனர். மொழிபெயர்ப்பையே தொழிலாய்க் கொண்ட நமக்கு ஜெர்மானியர் சொல்லே உவப்பு. கண்டதைச் சொல்லி அப்பால் போய்விடுகிறது.

பார்ப்போர் இக்கதவை அலங்காரம் என்று கருதுவர். உண்மையில் அது சிக்கனத்தின் விளைவு. யுத்தத்தில் தோற்று நொறுங்கிய ஜெர்மனியில், பந்தயங்களுக்குத் திரும்ப விரும்பிய கம்பெனியிடம் புதிய எஞ்சின் செய்யப் பொருள் இல்லை. ஆகவே, பிரதமர் அடேனாவர் பயணம் செய்த 300 என்னும் பெரிய காரின் மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர் எஞ்சினையே எடுத்துக்கொண்டனர். அது கனமானது, ஆற்றலும் பந்தயத்துக்குப் போதாது. எஞ்சினை மாற்ற இயலாதெனில் ஏனையவற்றின் எடையைக் குறைப்பதே வழி என்று தேர்ந்தார் பொறியியலார் ருடால்ஃப் ஊலன்ஹௌட். மெல்லிய எஃகுக் குழாய்களை முக்கோணம் முக்கோணமாகப் பற்றவைத்து அவர் அமைத்த சட்டகத்தின் எடை சுமார் 50 கிலோ. ஒவ்வொரு குழாயும் இழுவிசையையோ அழுத்தத்தையோ மட்டுமே தாங்கும். வளைக்கும் விசை அதன்மேல் விழாது. ஆயினும் சட்டகம் உறுதியாய் நிற்க, குழாய்கள் வண்டியின் விலாவில் உயர்ந்தெழ வேண்டியிருந்தது. வழக்கமாய்க் கதவு இருக்குமிடத்தைக் குழாய்கள் பிடித்துக்கொள்ளவே, கதவு கூரைக்கு ஏறிற்று.

1952-இல் அவ்வண்டிகள் லெ மான் பந்தயத்தில் முதலிரண்டு இடங்களையும் பெற்றன. அதே ஆண்டு மெக்ஸிகோ நெடும்பந்தயத்தில் கழுகொன்று முன்கண்ணாடியை உடைத்து உள்ளே வந்து விழுந்தது. உடனிருந்த ஹான்ஸ் கிளெங்க் காயமுற்றார்; ஓட்டிய கார்ல் கிளிங் நிறுத்தாது சென்று வெற்றியும் கண்டார்.

இதனை விற்பனைக்குக் கொணரத் தூண்டியவர், நியூயார்க்கில் கார் இறக்குமதி செய்த மாக்ஸ் ஹாஃப்மன். விற்பனை வண்டியில் பெட்ரோல் நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சப்பட்டது. நான்கு வீச்சு எஞ்சின் கொண்ட விற்பனைக் கார்களில் அம்முறை கண்டது இதுவே முதல். ஆற்றல் 215 குதிரைத்திறன் ஆயிற்று. குறைகளும் இல்லாமலில்லை. எஞ்சினை அணைத்த பின்னும், அது சுழன்று நிற்கும் வரை பெட்ரோல் உள்ளே பாய்ந்து மசகெண்ணெயை நீர்த்துப்போகச் செய்தது. வளைவில் சட்டென்று காலை எடுத்தால் வண்டியின் பின்புறம் விலகி ஓடும். உள்ளே நுழைவதும் எளிதன்று. உயர்ந்த விளிம்பைத் தாண்டிக் கால் வைக்க வேண்டியிருந்ததால், ஸ்டீரிங் சக்கரமே மடங்குமாறு அமைக்கப்பட்டது. 1957 வரை செய்யப்பட்ட கூப்பேக்கள் 1,400. அவற்றுள் 29-க்கு மட்டும் உடல் முழுதும் அலுமினியம். பின்னர் வந்த திறந்த வண்டியில் சட்டகத்தின் விலா தாழ்த்தப்பட்டது. கதவும் பக்கவாட்டுக்குத் திரும்பிற்று.

ஆதலின் இன்று ஒரு கூப்பேயை 'நன்கு பேணப்பட்டது' என்றால், வண்ணத்தின் பளபளப்பை மட்டும் பார்த்தல் போதாது. பிறந்தபோது பெற்ற சட்டகமும் எஞ்சினும் ஒருங்கே இருக்கின்றனவா, குழாய்கள் வளைந்து ஒட்டுப்போடப்பட்டனவா என்பதே கேள்வி. கம்பெனியாரிடம் உள்ள 1952-ஆம் ஆண்டின் இரண்டாம் எண் பந்தய வண்டி, எஞ்சியுள்ள எஸ்.எல்.களில் மூத்தது, 2012-இல் அதனைச் செப்பனிட்டனர்.

ஓடித் தேயாமலே பேணப்பட்டவையும் உண்டு. 1955-இல், எட்டுச் சிலிண்டர் பந்தயக் காரை அடிப்படையாகக் கொண்டு, சிறகுக் கதவுள்ள கூப்பேக்கள் இரண்டு செய்யப்பட்டன. அவ்வாண்டு ஜூன் 11-இல் லெ மானில் அதே கம்பெனியின் கார் ஒன்று மோதிச் சிதறிக் கூட்டத்தில் பாய்ந்து எண்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். கூப்பேக்கள் ஓட இருந்த மெக்ஸிகோ பந்தயம் கைவிடப்பட்டது. ஆண்டிறுதியில் கம்பெனியும் பந்தயங்களினின்று விலகிற்று. ஊலன்ஹௌட் அக்கூப்பேக்களில் ஒன்றைத் தம் அலுவலக வண்டியாக ஓட்டினார். 2022 மே 5-இல் அவ்விரண்டில் ஒன்று 13.5 கோடி யூரோவுக்கு ஏலம் போயிற்று. அத்தொகை இளைஞர் கல்விக்கான உதவி நிதிக்கென ஒதுக்கப்பட்டது. மற்றொன்றைக் கம்பெனியார் தம்மிடமே வைத்துக்கொண்டனர்.