வள்ளி ஹார்மோனியக்காரரிடம் சொன்னது

பெரும்பாறையில் சாமி கும்பிடு வந்தால் ஓர் இரவு கட்டாயம் நாடகம் உண்டு. பெரும்பாலும் வள்ளி திருமணம்தான். காப்பித் தோட்டங்களில் வேலை செய்கிற குடும்பங்கள் வீட்டுக்கு இவ்வளவு என்று வரி கொடுத்து நாடகம் பேசுவார்கள். கீழே இருந்து வேனில் வரும் நடிகர்கள் மலை வளைவுகளில் தலைசுற்றிப் போய், பொழுது சாய்ந்த பிறகு இறங்குவார்கள். அவர்களில் பெண்கள் யாரிடமும் பேசாமல் மேடைக்குப் பின்னால் போய்ப் பாய் விரித்து, ஊருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் அதைத் தலைக்கனம் என்பார்கள்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது நடந்தது இது. நள்ளிரவு தாண்டிவிட்டது. வள்ளி தினைப்புனத்தில் நின்று ஆலோலம் பாடிக்கொண்டிருந்தார். முன்வரிசையிலிருந்து ஒருவர் பத்து ரூபாய் நோட்டையும் ஊக்கையும் பிடித்துக்கொண்டு மேடையில் ஏறினார். நல்ல போதை. அன்பளிப்புப் பணத்தை நடிகரின் உடையில் குத்துவது வழக்கம்தான். ஆனால் அவர் நடந்த விதத்திலேயே, அவர் எங்கே குத்தப் போகிறார் என்பது பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

வள்ளி பாட்டை நிறுத்தவில்லை. தலையைக்கூடத் திருப்பவில்லை. ஓர் அடி முடிந்து அடுத்த அடி தொடங்கும் இடைவெளியில் ஹார்மோனியக்காரர் பக்கமாக ஒரே ஒரு சொல் சொன்னார். மேடையை ஒட்டி உட்கார்ந்திருந்ததால் எனக்குக் கேட்டது. அது எனக்குத் தெரிந்த தமிழாக இல்லை. ஹார்மோனியம் அந்த இடத்திலேயே சுருதியைப் பிடித்து நீட்டியது. மிருதங்கம் நின்றது. அந்தக் காட்சியில் வேலையே இல்லாத பபூன் திரைக்குப் பின்னாலிருந்து ஓடி வந்தார். மேடையின் நடுவிலேயே நோட்டை வாங்கி, கொடுத்தவர் பெயரை மைக்கில் மூன்று முறை முழங்கிவிட்டு, நோட்டைத் தன் சட்டையிலேயே குத்திக்கொண்டார். கூட்டம் சிரித்தது. அந்த மனிதரும் சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார். வள்ளி அடுத்த அடியை எடுத்தார்.

அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று அம்மாவிடம் கேட்டேன். “அது நாடகக்காரங்க பேச்சு. அதெல்லாம் கேக்கக் கூடாது” என்றார் அம்மா.

முப்பது ஆண்டுகளாக நான் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். இந்தக் கட்டுரை அந்தச் சொல்லைப் பற்றியது. வேஷம் கட்டிக்கொண்டிருக்கும்போதே வேஷத்துக்கு வெளியே நின்று பெண்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டதற்கு ஒரு வரலாறு எழுத முடியுமா என்பதைப் பற்றியது.

இந்த நாடகத்துக்கு ஸ்பெஷல் நாடகம் என்று பெயர். ஒவ்வொரு நடிகரையும் ஒவ்வோர் இரவுக்கும் தனித்தனியாக, ‘ஸ்பெஷலாக’ப் பேசி அழைப்பதால் வந்த பெயர். இதில் நிலையான குழு கிடையாது. இயக்குநர் கிடையாது. ஒத்திகையும் கிடையாது. ராஜபார்ட் மதுரையிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் புதுக்கோட்டையிலிருந்து வருவார், பபூன் மணப்பாறைக்காரராக இருப்பார். அன்றிரவு காதலர்களாக நடிக்கப் போகிறவர்கள் அன்று மாலைதான் முதன்முறையாகச் சந்தித்துக்கொள்வதும் உண்டு. அவர்களுக்குப் பொதுவாக இருப்பது சங்கரதாஸ் சுவாமிகளின் பாட்டும் வசனமும், பல ஆண்டுப் பழக்கமும் மட்டுமே.

ஆகவே இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை ஓடும் நாடகத்தை நடிகர்கள் நடித்துக்கொண்டே பேசி முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. எத்தனை கட்டைச் சுருதி, எந்தப் பாட்டை விடலாம், நாரதரும் வள்ளியும் செய்யும் தர்க்கத்தை எவ்வளவு நேரம் வளர்க்கலாம், எதிரில் நிற்பவருக்கு வசனம் மறந்துவிட்டால் எப்படி எடுத்துக் கொடுப்பது என்று எல்லாமே கண்ஜாடையிலும், முணுமுணுப்பிலும், ஹார்மோனியத்தின் ஒரு சுரத்திலும் நடக்கும். வேஷத்துக்கு வெளியேயான இந்தப் பேச்சு நின்றுபோனால் நாடகமும் அங்கேயே நின்றுபோகும்.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கியது 1918இல். சிறுவர்களே எல்லா வேஷமும், பெண் வேஷம் உட்படக் கட்டிய சபை அது. வாத்தியார் சொன்னதே அங்கு சட்டம். இன்னொரு பக்கம், அதற்கும் முன்பே கும்பகோணத்தில் பாலாமணி அம்மாள் பெண்களை மட்டுமே கொண்டு ஒரு கம்பெனி நடத்தியிருக்கிறார். கம்பெனிகளின் காலம் தளர்ந்து ஸ்பெஷல் நாடகம் வளர்ந்தபோதுதான் முன்பின் அறியாத ஆணும் பெண்ணும் ஒரே மேடையில் எதிரெதிரே நின்று, வாத்தியார் இல்லாமல் நாடகத்தை நடத்த வேண்டி வந்தது. நடிகைக்கு அது சம்பாத்தியத்தைக் கொடுத்தது. தனியாளாகத் தன் பெயரில் தேதி கொடுக்கும் உரிமையையும் கொடுத்தது. ஆனால் அவரைக் கேட்க ஆள் இல்லாத இடத்திலும் நிறுத்தியது.

கே.பி. சுந்தராம்பாளும் எஸ்.ஜி. கிட்டப்பாவும் 1926இல் இலங்கையில் சேர்ந்து நடிக்கத் தொடங்கியதும், மறு ஆண்டு மணந்துகொண்டதும் பலருக்கும் தெரிந்த கதை. வள்ளியும் முருகனுமாக அவர்கள் பாடிய போட்டிப் பாட்டைப் பற்றி நம் பெரியவர்கள் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்கள். கிட்டப்பா 1933 டிசம்பரில் இறந்தார். சுந்தராம்பாளுக்கு அப்போது 25 வயது. அதன்பின் அவர் வெள்ளை உடுத்தினார், ஆணோடு ஜோடி சேர்ந்து நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். 1935இல் ‘பக்த நந்தனார்’ படத்தில் ஆண் வேஷத்தில், நந்தனாராகவே நடித்தார். இதைப் பதிபக்தியின் கதையாகத்தான் இதுவரை எழுதியிருக்கிறார்கள். எனக்கு இதில் வேறொன்றும் தெரிகிறது. மேடையில் வள்ளியாக நின்ற பெண்ணை மேடைக்கு வெளியேயும் வள்ளியாகவே பார்த்த ஓர் உலகத்திடம், எந்த வேஷத்தை இனி ஏற்பேன் என்பதை நானே சொல்வேன் என்று ஒரு நடிகை சொன்ன இடம் அது.

ஆண் நடிகர் வேஷத்தை விட்டு வெளியே வந்து பேசியதற்கு நம்மிடம் நல்ல வரலாறு இருக்கிறது. தியாகி விஸ்வநாத தாஸின் (1886–1940) பெயரைச் சொன்னாலே போதும். மருத்துவர் சமூகத்தில் பிறந்து, அந்தச் சாதி காரணமாகவே மேடையிலும் அவமதிப்புகளைச் சந்தித்த கலைஞர் அவர். முருகன் வேஷத்தில் கதரைக் கட்டிக்கொண்டு வந்து, தினைப்புனத்துக் கொக்கை விரட்டும் சாக்கில் வெள்ளைக்காரனை விரட்டும் பாட்டைப் பாடினார். 1876ஆம் ஆண்டின் நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் கையில் இருந்த காலம் அது. பலமுறை கைதானார். 1940 டிசம்பர் 31 இரவு, சென்னை ராயல் தியேட்டரில் மயில்மேல் முருகனாக அமர்ந்திருந்தபோதே உயிர் பிரிந்தது. அவரைக் கொண்டாடுவதில் எனக்கு எந்த மனக்குறையும் இல்லை. ஆனால் அவர் பாடிய அதே தினைப்புனத்தில், அவருக்கு எதிரே நின்ற வள்ளிகள் என்ன பேசினார்கள்? அது எங்கேயும் பதிவாகவில்லை.

காரணம் எளிது. அவர் வேஷத்தைத் தாண்டிக் கூட்டத்தைப் பார்த்துப் பேசினார், உரக்கப் பேசினார். போலீஸ் குறிப்பெடுத்தது, தேசம் நினைவில் வைத்தது. நடிகை வேஷத்தைத் தாண்டிப் பேசியது பக்கத்தில் இருந்த சக கலைஞரிடம். யாருக்கும் கேட்கக் கூடாது என்பதற்காகவே தணிந்த குரலில் பேசினார். உரக்கச் சொன்னது வரலாறாயிற்று. தணித்துச் சொன்னதை, கேட்டவர்கள்கூடத் திமிர் என்றார்கள்.

அவர்கள் ஏன் தணிந்த குரலில் பேச வேண்டியிருந்தது என்பதற்கும் வரலாறு இருக்கிறது. தொடக்க கால நடிகைகளில் தேவதாசி மரபிலிருந்து வந்தவர்கள் இருந்தார்கள். 1947இல் சென்னை மாகாணம் பொட்டுக்கட்டுவதைச் சட்டத்தால் தடை செய்தது. வழக்கம் ஒழிந்தது, ஆனால் அந்தப் பெண்கள்மீது சமூகம் வைத்திருந்த சந்தேகக் கண் ஒழியவில்லை. அது மேடையேறும் எல்லாப் பெண்கள்மீதும், எந்தச் சாதியில் பிறந்திருந்தாலும், அப்படியே நகர்ந்து வந்து உட்கார்ந்துகொண்டது. ‘கூத்தாடி’ என்ற சொல்லை ஆணுக்குச் சொன்னால் ஏளனம். பெண்ணுக்குச் சொன்னால் அதில் ஏளனத்தோடு வேறொன்றும் சேர்ந்துகொள்கிறது.

அமெரிக்க மானுடவியலாளர் சூசன் சீசர் 1990களின் தொடக்கத்தில் மதுரையில் தங்கி இந்தக் கலைஞர்களோடு பழகினார். 2005இல் வெளியான அவருடைய நூல் தமிழ் மேடையின் களங்கம் என்பதையே பொருளாகக் கொண்டது. அதில் கலைஞர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் மறைமொழிக்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. நடிகைகள் பயணத்திலும் மேடைக்குப் பின்னாலும் தங்களுக்கென்று ஒரு மறைவிடத்தை எப்படி உண்டாக்கிக்கொள்கிறார்கள் என்பதையும் அவர் விரிவாக எழுதியிருக்கிறார். அதைப் படித்தபோதுதான் எங்கள் ஊரில் தலைக்கனம் என்று சொல்லப்பட்டது என்னவென்று எனக்கு விளங்கியது. நான்கு பக்கமும் திறந்த இடத்தில், முதுகையே சுவராக வைத்து ஒரு வீடு கட்டியிருந்தார்கள்.

இது நாடக மேடையோடு முடிகிற விஷயமும் இல்லை. இன்று இணையத்தில் பல்லாயிரம் பேர் பாத்திரங்களை ஏற்று எழுத்திலேயே கூடி நடிக்கிறார்கள். பாத்திரமாகப் பேசாமல் தானாகப் பேச வேண்டியிருந்தால், இரட்டை அடைப்புக்குறி போட்டுப் பேசும் வழக்கம் அங்கே உண்டு. அவுட் ஆஃப் கேரக்டர் என்பார்கள். 1993இல், லாம்டாமூ என்ற எழுத்து உலகத்தில் ஒருவர் ஒரு சின்ன நிரலைக் கொண்டு பிறருடைய பாத்திரங்களைத் தன் வசப்படுத்தி, அவர்கள்மீது பாலியல் வன்முறையை எல்லோர் முன்னாலும் எழுத்தாக நிகழ்த்தினார். பாதிக்கப்பட்டவர்களில் ஒரு பெண் மறுநாள் பாத்திரத்தை விட்டு வெளியே வந்து நீதி கேட்டு எழுதினார். எழுதும்போது கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது என்று பிறகு ஜூலியன் டிபெல் என்ற பத்திரிகையாளரிடம் சொன்னார். வெறும் விளையாட்டுத்தானே என்று அவரிடம் சொன்னவர்கள் உண்டு. நாடகந்தானே என்று நம் நடிகைகளிடம் சொன்னவர்களும் அவர்களும் ஒரே ஊர்க்காரர்கள். வேஷம் பெண்ணைக் காப்பதில்லை. வேஷத்துக்கு வெளியே பேச ஒரு வழியும், அதைக் கேட்டு நகர நாலு பேரும் இருந்தால்தான் காப்பு.

பபூனும் டான்ஸ் பெண்ணும் வரும் காட்சியில் இது தினமும் சோதனைக்கு வருகிறது. இரட்டை அர்த்தம் அங்கே எதிர்பார்க்கப்படுகிற ஒன்று. எந்த எல்லை வரை என்பது எங்கேயும் எழுதியிருக்காது. ஒரு நல்ல பபூன், டான்ஸ் பெண்ணின் கண்ணைப் பார்த்தே அந்த எல்லையைத் தெரிந்துகொள்வார். கண்ணைப் பார்க்காதவர்களும் இருக்கிறார்கள். எங்கள் ஊரில் அன்றிரவு ஓடி வந்த பபூனைப் பாராட்டும்போது இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்த மேடை பெண்களுக்குப் பாதுகாப்பான இடமாக இருந்தது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பாதுகாப்பை ஒவ்வோர் இரவும் புதிதாகச் செய்துகொள்ள வேண்டிய இடமாக இருந்தது என்று மட்டும் சொல்லலாம்.

சில ஆண்டுகளுக்கு முன்பு திண்டுக்கல்லில், மேடையை விட்டு விலகிய ஒரு ஸ்திரீபார்ட் அம்மாவைப் பார்க்கப் போனேன். பெரும்பாறை இரவைச் சொன்னேன். அவருக்கு அந்த ஊர் நினைவில் இருந்தது. குளிரில் தொண்டை கட்டிக்கொள்ளும் என்பதால் மலையூர் நாடகம் என்றால் பனங்கற்கண்டை முந்தானையில் முடிந்துகொண்டு போவாராம். நான் காதில் வாங்கியிருந்த அந்தச் சொல்லை, எனக்கு நினைவிருந்தபடி சொல்லிக் காட்டினேன். சிரித்தார். பாதி தப்பாகச் சொல்கிறாய் என்றார். சரியாகச் சொல்லுங்கள் என்று கேட்டேன்.

“எதுக்கு தாயி?”

“எழுதறதுக்கும்மா. இல்லன்னா யாருக்கும் தெரியாமயே போயிரும்.”

அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னார். “நீ எழுதிப் போட்டுட்டா, நாளைக்கு மேடையேறுற பிள்ள எதச் சொல்லிக் கூப்பிடும்?”

நான் பேனாவை மூடிவிட்டேன். பெண்களின் சொல் பதிவாக வேண்டும் என்று வகுப்பறையில் இத்தனை காலம் பேசி வந்தவள் நான். பதிவாகாமல் இருப்பதே ஒரு சொல்லின் வேலையாக இருக்கும் என்று நினைத்துப் பார்த்ததில்லை.

ஆகவே அந்தச் சொல் இந்தக் கட்டுரையில் இல்லை. அதைச் சுற்றி நடந்ததை மட்டும் எழுதி வைக்கிறேன். பெரும்பாறையில், ஒரு குளிர் இரவில், வள்ளி வேஷத்தில் இருந்த ஒரு பெண் பாட்டுக்கு நடுவே ஒரு சொல் சொன்னார். ஹார்மோனியம் சுருதியை நீட்டியது, மிருதங்கம் நின்றது, பபூன் ஓடி வந்தார். அந்தக் கை அவர்மீது படவில்லை.